கொடுத்த பணம் திரும்பவில்லை: சமாதானமா, வழக்கா? சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 ஏப்ரலில் பழைய அலுவலக நண்பர் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் கடன் கொடுத்தேன். அதில் 20,000 திரும்பி வந்தது. மீதி 4,80,000 ரூபாய்க்காக இரண்டே முக்கால் ஆண்டு கெஞ்சினேன், பிறகு வழக்குப் போட்டேன், கடைசியில் சமரசத்தில் 3,60,000 வாங்கிக்கொண்டு முடித்தேன். 'கடன் அன்பை முறிக்கும்' என்று மளிகைக் கடையில் எழுதி வைத்திருப்பதை ஆயிரம் முறை படித்தவன்தான் நான்.

நான் வழக்கறிஞன் இல்லை. ஆனால் எந்த இடத்தில் எந்தத் தேதியைத் தவறவிட்டேன், எங்கே வீணாகச் செலவழித்தேன் என்பது நன்றாகத் தெரியும். கைமாற்று, புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு), பவுன்ஸ் ஆன காசோலை என்று தனிநபருக்குக் கொடுத்த பணம் சிக்கிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொத்து வழக்குக்கும் குடும்ப வழக்குக்கும் கணக்கு வேறு.

1. முதலில் நாட்காட்டியை எடுங்கள்

சமாதானமா வழக்கா என்று யோசிப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். கடன் வழக்குக்குப் பொதுவான காலக்கெடு 3 ஆண்டு. அந்த நாள் தாண்டிவிட்டால் நீங்கள் எவ்வளவு நியாயமானவர் என்பதை நீதிமன்றம் கேட்காது. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகக் காலக்கெடு நின்று காத்திருக்காது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் அதுவே போதும்.

காலக்கெடு முடிவதற்குள் கடன் வாங்கியவர் 'இவ்வளவு பாக்கி இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு தொடங்கும். முடிந்த பிறகு எழுதிக் கொடுத்தால் இந்தச் சலுகை இல்லை. எனக்கு 20,000 ரூபாய் ஜிபேயில் வந்தபோது காலக்கெடு நீண்டுவிட்டது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். வழக்கறிஞர் சிரித்தார். சிறு தொகை வந்தால் மட்டும் போதாது, அதைக் கடன் பாக்கிக்காகத்தான் தந்தேன் என்று கொடுத்தவர் கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ இருக்க வேண்டும்.

காசோலை என்றால் நாட்கள் இன்னும் நெருக்கமானவை:

காசோலையில் இருக்கும் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பவுன்ஸ் ஆன தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பின் பணம் கட்ட அவருக்கு 15 நாள். அதுவும் கடந்தால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் முன் புகார் தாக்கல் செய்ய வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ம் பிரிவில் வருவதால், இதைத்தான் எல்லோரும் 138 வழக்கு என்கிறார்கள். கடைசிப் படியில் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க இடமுண்டு. நோட்டீசுக்கான 30 நாளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

என் கதை: 2023 ஜனவரி 30 தேதியிட்ட காசோலை. பிப்ரவரி 6 அன்று ரிட்டர்ன் மெமோ, அதாவது பவுன்ஸ் ஆனதற்கான வங்கிச் சீட்டு, கைக்கு வந்தது. நண்பர் வீட்டுக்கே வந்து, "நோட்டீஸ் மட்டும் அனுப்பிவிடாதீர்கள் அண்ணா, அடுத்த மாதம் சீட்டுப் பணம் வருகிறது" என்றார். காபி கொடுத்து அனுப்பினேன். 30 நாள் போனது. அதே காசோலையை ஏப்ரல் இறுதிக்குள் மீண்டும் வங்கியில் போட்டிருந்தால், இரண்டாவது முறை திரும்பியதை வைத்து நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியவில்லை. மே மாதம் வழக்கறிஞரிடம் போனபோது 138 கதவு மூடியிருந்தது. சிவில் வழக்கு மட்டுமே மிச்சம்.

சென்னை உரிமையியல் நீதிமன்றங்களுக்கு மே மாதம் கோடை விடுமுறை. விடுமுறையில் காலக்கெடு முடிந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் அந்த ஓரத்தில் போய் நிற்காதீர்கள். கடைசி நாளுக்கு மூன்று மாதம் முன்பே வழக்கறிஞர் கையில் கோப்பு இருக்கட்டும்.

2. ஆவணங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

பணம் போனதற்கு வங்கிக் கணக்கு விவரம், அந்தப் பக்கத்தில் வங்கி முத்திரையோடு. புரோநோட்டின் அசல். காசோலையும் ரிட்டர்ன் மெமோவும். அவருடைய தற்போதைய முகவரி, வேலை செய்யும் இடம். பேசிய வாட்ஸ்அப் உரையாடல்.

வாட்ஸ்அப்பைப் பற்றி ஒரு வார்த்தை. திரைப்பிடிப்பை அச்செடுத்து நீட்டினால் அப்படியே ஏற்க மாட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், அதன் வாசகத்தை வழக்கறிஞர் தருவார். நீங்கள் செய்ய வேண்டியது அந்தக் கைப்பேசியைப் பத்திரமாக வைத்திருப்பது. நான் இடையில் கைப்பேசியை மாற்றியதில் ஓராண்டு உரையாடல் போய்விட்டது. 'உங்கள் 4 லட்சத்து 80-ஐ நான் ஏமாற்ற மாட்டேன் அண்ணா' என்ற ஒரு செய்தி மட்டும் தங்கையின் கைப்பேசிக்கு நான் முன்பே அனுப்பி வைத்திருந்ததால் தப்பியது.

புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வேறு பல ஆவணங்களில் முத்திரைக் குறையை அபராதம் கட்டிச் சரிசெய்யலாம், புரோநோட்டில் முடியாது. ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டு சாட்சியத்துக்கு ஆகாது.

நீங்கள் அதிக வட்டி வாங்கியிருந்தால் அதை வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, எதிர்த்தரப்பு முதலில் தூக்குவது அதைத்தான். அப்படி ஒரு சங்கடம் இருந்தால் சமாதானத்தின் பக்கம் தராசு தானாகவே சாயும்.

3. அவரிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

வழக்கில் ஜெயிப்பது வேறு, பணம் வருவது வேறு. டிக்ரி (நீதிமன்றத்தின் தீர்ப்பாணை) வாங்கிய பிறகு அதை நிறைவேற்ற இன்னொரு மனு போட வேண்டும். நீதிமன்ற வட்டாரத்தில் 'ஈ.பி.' என்பார்கள். டிக்ரிக்கு 12 ஆண்டு உயிர் உண்டு. ஆனால் பிடிப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே.

மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட்டு, எஞ்சியதைத்தான் ஜப்தி செய்ய முடியும். அதுவும் ஒரே டிக்ரிக்கு 24 மாதம் வரைதான். வருங்கால வைப்பு நிதியைத் தொட முடியாது. வீடு இருந்தால் அதன் சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். வீடு அவர் பெயரிலா, மனைவி பெயரிலா, வங்கியில் அடமானம் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

அடுத்தது, நீதிமன்ற வழக்கு விவரங்களைப் பார்க்கும் இகோர்ட்ஸ் இணையதளம். வழக்குத் தரப்பினர் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். பெயரின் எழுத்தை நாலு விதமாக மாற்றிப் பாருங்கள். என் நண்பர் மேல் ஏற்கெனவே மூன்று காசோலை வழக்குகள் இருந்தன. வரிசையில் நான் நான்காவது ஆள். அந்த அரை மணி நேரத் தேடலை 2023-லேயே செய்திருந்தால் அடுத்த இரண்டு தீபாவளிக்கு அவர் அனுப்பிய இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்க மாட்டேன்.

4. நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போடுங்கள்

கோபம் அடங்கிய ஒரு நாள் உட்காருங்கள். என் கணக்கைக் காட்டுகிறேன், உங்கள் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வழக்குப் போய், ஜெயித்து, முழுத்தொகையும் வந்தால்: அசல் 4,80,000. நான்கு ஆண்டு ஆகும் என்றும் வட்டி 6 சதவிகிதம் என்றும் வைத்துக்கொண்டேன் (டிக்ரிக்குப் பிந்தைய காலத்துக்கு, வணிகம் சாராத கடனில், அதற்கு மேல் பொதுவாகக் கிடைக்காது). வட்டி 1,15,200. மொத்தம் 5,95,200.

செலவு: தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவிகிதம், 2017 வரை அது 7.5 ஆக இருந்தது. எனக்கு 14,400. வழக்கறிஞர் கட்டணம் பேசியது 60,000. டைப்பிங், நகல், பேட்டா, ஆட்டோ எல்லாம் சேர்த்து 10,000. மொத்தம் 84,400.

ஜெயிக்கும் வாய்ப்பு பத்துக்கு ஏழு என்றார் வழக்கறிஞர். ஜெயித்தாலும் வசூலாகும் வாய்ப்பை, மூன்று வழக்குகள் முன்னால் நிற்பதால், பாதி என்று நானே போட்டேன். 5,95,200-ல் 35 சதவிகிதம் 2,08,320. செலவைக் கழித்தால் 1,23,920. நான்கு ஆண்டு கழித்து!

அவருக்கு வில்லங்கமில்லாத வீடு இருந்து, வசூலாகும் வாய்ப்பு பத்துக்கு ஒன்பது என்றாலும் 2,90,000 சொச்சம்தான் வருகிறது. இந்த எண்களெல்லாம் ஊகம்தான், ஜோதிடத்துக்கு ஒரு படி மேல். ஆனாலும் எந்தத் தொகைக்குக் கீழே போனால் எழுந்து வந்துவிட வேண்டும் என்ற ஒரு கோடு கிடைத்துவிடும். நான் 3 லட்சத்தில் கோடு போட்டேன். கணக்கு சொன்னதைவிட அது மிக அதிகம்தான், மீதி மானம்.

அந்தத் தொகையை உறவினர்களிடம்கூடச் சொல்லாதீர்கள். என் மாமா ஒரு கல்யாண வீட்டில் சொல்லிவிட்டார்.

5. நோட்டீஸ் அனுப்புங்கள்

வழக்கறிஞர் நோட்டீசுக்கு என்னிடம் 3,000 வாங்கினார், ஆளுக்கு ஆள் மாறும். ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, ரசீதைக் கோப்பில் வையுங்கள். 138 நோட்டீஸ் என்றால் காசோலையில் உள்ள அதே தொகையைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். வட்டியையும் செலவையும் அதோடு கலந்து ஒரே தொகையாகக் கேட்டால் வழக்கே விழக்கூடும்.

தபால் 'வாங்க மறுத்தார்', 'வீடு பூட்டியிருந்தது' என்று திரும்பினால் சோர்ந்துபோகாதீர்கள். முகவரி சரியாக இருந்தால், நோட்டீஸ் சேர்ந்ததாகவே பொதுவாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அந்த உறையை மட்டும் பிரிக்காதீர்கள். பிரிக்காத உறைதான் சாட்சி.

6. பேரம் பேசும்போது விழும் குழிகள்

நோட்டீஸ் போனதும் பெரும்பாலும் தொலைபேசி அடிக்கும். என் நண்பர் ஒன்றரை லட்சத்தில் ஆரம்பித்தார்.

எழுத்தில் தொகையைக் குறைத்துச் சொல்லும் ஒவ்வொரு முறையும் 'இது சமாதானத்துக்காக மட்டுமே சொல்லப்படுகிறது, வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது' என்று சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் 'அவரே மூன்றரை லட்சம்தான் பாக்கி என்று ஒப்புக்கொண்டார்' என்று உங்கள் செய்தியையே நீட்டுவார்கள்.

'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று முன்கூட்டியே கையெழுத்துப் போடாதீர்கள். கடைசித் தவணை கணக்கில் ஏறும் வரை அசல் புரோநோட்டையும் காசோலையையும் திருப்பித் தராதீர்கள்.

காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தால் பணம் வந்துவிடும் என்று நாலு பேர் சொல்வார்கள். வெறும் கடன் பாக்கியை 'சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்புவார்கள், அது சரியும்கூட. ஏமாற்றும் எண்ணத்தோடுதான் தொடக்கத்திலேயே பணம் வாங்கினார் என்று காட்ட முடிந்தால் மட்டுமே மோசடிப் புகாருக்கு இடமுண்டு. இன்னொரு வகை ஆட்களும் வருவார்கள்: 'பத்து சதவிகிதம் கொடுங்கள், நாங்கள் பேசி வாங்கித் தருகிறோம்.' அது கட்டப்பஞ்சாயத்து. அப்படிப் போனால் வாதியாக இருக்கும் நீங்கள் ஒரே இரவில் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடலாம்.

7. எந்த வாசலில் நுழைவது

வழக்கே போடாமல் முடிக்க விரும்பினால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. சென்னை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது, மெட்ரோவில் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். அடையாள அட்டையை மறக்காதீர்கள். அங்கே 'வழக்குக்கு முந்தைய மனு' கொடுக்கலாம், நீதிமன்றக் கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் வழங்கப்படும் தீர்வுக்கு டிக்ரியின் பலம் உண்டு, அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. எதிராளி வரவில்லை என்றால் அவரை இழுத்து வர முடியாது என்பதுதான் குறை. எனக்கு அப்படித்தான் ஆனது: இரண்டு அழைப்பு, இரண்டுக்கும் ஆள் இல்லை.

பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் உதவியும் கிடைக்கும். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

வணிகர்களுக்கு இடையிலான 3 லட்சத்துக்குக் குறையாத வணிகத் தகராறு என்றால், அவசர இடைக்கால உத்தரவு கேட்காதவரை, முதலில் சமரசப் பேச்சுக்குப் போயே ஆக வேண்டும். போகாமல் போட்ட வழக்கைத் தொடக்கத்திலேயே நிராகரிப்பார்கள்.

அடுத்தது வழக்கு. சென்னையில் 1 கோடி ரூபாய் வரையுள்ள உரிமையியல் வழக்குகள் நகர உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும், அதுவும் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. காசோலை, புரோநோட்டு போன்ற எழுத்து ஆவணம் இருந்தால் சுருக்க விசாரணை வழக்குப் போட முடியுமா என்று கேளுங்கள். அதில் எதிராளி 10 நாளில் ஆஜராகி, வழக்காடவே அனுமதி வாங்க வேண்டும்.

வழக்கறிஞரைத் தேடித் தம்புச் செட்டித் தெருவில் ஏறி இறங்கினேன். மூன்று பேரைப் பார்த்தபின் ஒருவரை முடிவு செய்தேன். 'கட்டாயம் ஜெயிக்கலாம்' என்று ஆவணத்தைப் பார்க்காமலேயே சொன்னவரை முதலில் கழித்தேன். வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் கட்டணம் எத்தனை தவணை, ஈ.பி. அதில் அடங்குமா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியா என்று எழுதி வாங்குங்கள். எதிராளி வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புக் கிடைக்கும். அதைக் கொண்டாடாதீர்கள், ரத்து செய்யக் கேட்டு அவர் 30 நாளில் மனுப் போட்டால் வழக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம்.

2025 பிப்ரவரியில், காலக்கெடுவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வழக்குத் தாக்கல் செய்தேன். சம்மன் போன பிறகுதான் அவர் ஒரு வழக்கறிஞரை வைத்தார். இரண்டு வழக்கறிஞர்களும் கேட்டுக்கொண்டதால் வழக்கு சமரச மையத்துக்கு அனுப்பப்பட்டது. உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-ல் தொடங்கிய மையம் அது, நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் நாட்டிலேயே முதலாவது. கட்டணம் இல்லை. அங்கே பேசுவதை வெளியே சாட்சியமாக்க முடியாது, அதனால் ஆட்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். முதல் அமர்வில் அவர் 2 லட்சம் என்றார். இரண்டாவதில் இரண்டரை. மூன்றாவதில் சமரசர் எங்களைத் தனித்தனியே அழைத்துப் பேசினார். 3,60,000-ல் நின்றது.

வழக்குப் போட்டால் சமாதானக் கதவு மூடிவிடும் என்று அதுவரை நான் பயந்துகொண்டிருந்தேன். எனக்கு அது திறந்ததே வழக்குப் போட்ட பிறகுதான்.

8. எழுதி முடிப்பது

ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்: மொத்தத் தொகை, ஒவ்வொரு தவணையின் தேதி, எந்த வங்கிக் கணக்கு, ஒரு தவணை தவறினால் என்ன. கடைசியில் சொன்னதுதான் உயிர்நாடி. 'ஒரு தவணை தவறினாலும் 4,80,000 முழுவதும், ஏற்கெனவே கொடுத்தது போக, வட்டியோடு உடனே வசூலிக்கத்தக்கது' என்று எழுத வைத்தேன். முதலில் மறுத்தார்கள், 15 நாள் அவகாசம் சேர்த்ததும் ஒப்புக்கொண்டார்கள்.

138 வழக்கில் சமாதானம் ஆகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சமாதானத்துக்காகத் தந்த புதிய காசோலையும் பவுன்ஸ் ஆனால், பழைய வழக்கையும் புதிய வழக்கையும் சேர்த்து நடத்த முடியாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே முடிந்த அளவு பெரிய முதல் தவணையை வங்கி வரைவோலையாகவோ நேரடிப் பரிமாற்றமாகவோ அன்றே வாங்குங்கள். நான் 1,60,000 முதலிலும், 50,000 வீதம் நான்கு மாதமும் வாங்கினேன்.

ஒப்பந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு வழக்கை வெறுமனே வாபஸ் வாங்கிவிடாதீர்கள். அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அதன்படியே டிக்ரி கேளுங்கள். தவணை தவறினால் புது வழக்குப் போடாமல் நேரே ஈ.பி. போகலாம்.

வழக்கு சமரசத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். தரப்பினர் தங்களுக்குள் வெளியே பேசி முடித்தாலும் இது பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில், அதுவும் 2021-ல்தான், உச்ச நீதிமன்றம் கூறியது. தானாக வராது, டிக்ரியிலேயே அதற்கான உத்தரவைச் சேர்க்கச் சொல்லுங்கள். எனக்கு 14,400 ரூபாய் திரும்ப நான்கு மாதம் ஆனது. வங்கிக் கணக்கு எண்ணில் எழுத்தர் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியதில் அதில் ஒரு மாதம் போனது. மனுவைத் தாக்கல் செய்யும் முன் அந்த எண்ணை நீங்களே ஒருமுறை விரல் வைத்துப் படித்துப் பாருங்கள்.